கேட்காமல் கட்டிய தாலி

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிடுவதில் ஒரு வசதி உண்டு. டீ கொடுத்தால் வந்துவிடுவார்கள். போகச் சொல்வதுதான் கஷ்டம். உங்களுக்கு அந்தக் கஷ்டம் வைக்காமல் ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கேமரா எப்படி முகத்தைக் கண்டுபிடிக்கிறது, தலையைத் திருப்பினால் கம்மல் எப்படிக் காதோடு கூடவே திரும்புகிறது என்பதையெல்லாம் நான் பேசப்போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். நான் படித்ததில் பாதி இப்போது வழக்கொழிந்துவிட்டது. திரைக்கு முன்னால் வந்து நிற்கிற ஆளைப் பற்றி மட்டும்தான் எனக்குச் சொல்ல ஏதாவது மிச்சமிருக்கிறது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே தாமதம். அதுவரை பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் விட்டுப்போன பென் டிரைவ்களை எடுத்து வைப்பதுதான் முக்கியமான பணி. பிறகு இங்கே, அப்போது டயர் கடைக்கு மேலே இருந்த இதே அலுவலகத்தில் வடிவமைப்பாளராகச் சேர்ந்தேன். என் மேலதிகாரி என் மகள் வயதுக்காரி. அவள் பெயரைச் சொல்லவில்லை. இப்போது வெளிநாட்டில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள், இதைக் கேள்விப்பட்டால் கோபித்துக்கொள்வாள். தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். வேலை சரியில்லை என்றால் இன்னும் மரியாதையாக அக்கா என்று கூப்பிடுவாள்.

எங்களுக்கு அரியலூரில் ஒரு நகைக்கடையின் வேலை வந்தது. நகைகளைப் போட்டுப் பார்க்க ஒரு செயலி வேண்டும். செல்போனில் முகத்தைக் காட்டினால் கம்மல், சங்கிலி எல்லாம் அவரவர் மேலேயே தெரிய வேண்டும். கூடவே கடைக்குள் ஆள் உயரத் திரை ஒன்றும் வைக்க வேண்டும். நகையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே வாடிக்கையாளர் அதில் தன்னைப் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் அதற்கு நகைக்கண்ணாடி என்று பெயர் வைத்தோம்.

வேலையின் முதல் சண்டை, திரை முதலில் எதைக் காட்ட வேண்டும் என்பதில் வந்தது. நான் வெறும் கண்ணாடியாக வரைந்து கொண்டுபோனேன். ஆள் வந்து நிற்பார், தன்னைப் பார்ப்பார், பிறகு என்ன வேண்டும் என்று தொட்டுச் சொல்வார். கடை முதலாளி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மேடம், எங்க ஊரு சனங்க பட்டனத் தேடிக்கிட்டு நிக்காது. வந்து நின்னதும் ஜொலிக்கணும். கழுத்து நெறைய நகை, நெத்திச்சுட்டி, தாலி, ஒட்டியாணம், எல்லாம் தானா வந்து உக்காரணும்."

"எதப் போட்டுப் பாக்கணும்னு அவங்களக் கேக்க வேணாங்களா சார்?"

"கேட்டா யோசிப்பாங்க. யோசிச்சா எந்திரிச்சுப் போயிடுவாங்க."

வியாபாரத்தில் அவருக்குத் தலைமுறை அனுபவம். எனக்கு பென் டிரைவ் அனுபவம். மேலதிகாரி என் பக்கம்தான் பேசினாள், ஆனால் கடைசியில் கடை அவருடையது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "அக்கா, நம்மகிட்ட வாங்கறவரு ஒருத்தரு. அது முன்னாடி நிக்கப்போறவங்க வேற ஒருத்தரு. ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு மட்டும் நெனச்சிடாதீங்க." அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்ததால் ஜன்னலை மூடிவிட்டோம். பேச்சும் அதோடு நின்றது.

பிறகு முதலாளிக்கு இன்னொரு யோசனை வந்தது. தாலி கழுத்தில் வந்து விழும் அதே நொடியில் கெட்டிமேளம் கேட்க வேண்டும். அதையும் செய்தோம். கூடவே எங்கள் குழு ஒரு விஷயத்தில் அசாத்தியமாக உழைத்தது. கையை உயர்த்திக் கழுத்தில் வைத்தால் விரல் சங்கிலிக்கு மேலே தெரிய வேண்டும், சங்கிலி விரலுக்குப் பின்னால் போக வேண்டும். பார்க்கிறவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அது சரியாக வந்தால்தான் நகை படமாக இல்லாமல் நகையாகத் தெரியும். பிரபு என்கிற எங்கள் நிரலாளன் அதற்காகவே தன் அம்மாவின் கழுத்தை மாதக்கணக்கில் படம் பிடித்தான். அந்த அம்மா கடைசியில் இவனைக் கண்டாலே முக்காடு போட ஆரம்பித்துவிட்டார்.

திரை கடையில் நின்றது. முதல் சில வாரங்கள் திருவிழாதான். பெரம்பலூர் பக்கத்துச் சின்ன வெங்காய வியாபாரி ஒருவர், மனைவிக்கு மெட்டி மாற்ற வந்தவர், மீசையோடு மணப்பெண்ணாகி நின்றார். மனைவி அதைப் போட்டோ எடுத்துத் தன் அக்காள் தங்கைகள் எல்லோருக்கும் அனுப்பினார். ரோந்து வந்த காவலர் தொப்பியோடு நெற்றிச்சுட்டி போட்டுக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இன்னொரு முறையும் வந்து நின்றார்.

யாரும் இல்லாத நேரத்தில் திரை சும்மா இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது எதிர்ச்சுவரில் ஒரு முகத்தைக் கண்டுபிடித்துவிட்டது. முதலாளியின் காலமான அப்பாவின் படம். சந்தன மாலைக்குள் இருந்த அந்தப் பெரியவருக்கு மதிய வேளையில் தனியாக, கெட்டிமேளத்தோடு தாலி ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். எங்களுக்குப் போன் வந்தது. அப்போதாவது வெறும் கண்ணாடிக்கு மாறலாமா என்று கேட்டேன். "வேணாம், அப்பாவ மாடிக்கு மாத்திட்டேன்" என்றார்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. கடையில் கல்யாணக் கூட்டம். புதிதாக மாட்டிய விளக்குகளின் வெளிச்சத்தில் கம்மல்கள் காதை விட்டு நழுவித் தோளில் தொங்குவதாகப் புகார் வந்ததால் நானும் பிரபுவும் போயிருந்தோம். அவன் ஏணியில் ஏறி விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் தூணோரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஒரு குடும்பம் வந்தது. பெண் வீட்டார் ஆண்டிமடம் பக்கம், முந்திரிக்காட்டுக்காரர்கள். மாப்பிள்ளை வீட்டார் செந்துறை. நிச்சயம் முடிந்து, தாலி எடுக்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளையின் தாய்மாமன், கல்யாணப் பெண் கௌசல்யா, அவளுடைய அம்மா தனலட்சுமி. கௌசல்யா பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதையெல்லாம் நான் ஒட்டுக்கேட்கவில்லை. தாய்மாமன் கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினார்.

தனலட்சுமி அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நெற்றியில் திருநீறு, வெறும் கழுத்து. கணவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தனியாகக் காட்டைப் பார்த்து, கொட்டை உடைத்து, மகளைப் படிக்க வைத்திருக்கிறார். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தடித்திருந்தன. ஜிமிக்கி பார்க்கும்போதும் வளையல் பார்க்கும்போதும் மகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தாலித் தட்டை எடுத்து வைத்ததும் தாய்மாமன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நல்ல நேரம் போறதுக்குள்ள எடுத்துடுவோம். நீங்க சித்த அப்படி…"

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியம் இல்லாத வாக்கியம் அது. தனலட்சுமி அம்மா உடனே எழுந்துவிட்டார். அதற்காகவே காத்திருந்தது போல எழுந்தார். எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் பார்த்தபோது முதலாளி பணிவாகக் கையைக் காட்டினார். தூணுக்கு அந்தப் பக்கம், யார் கண்ணிலும் படாத இடம்.

அந்த இடத்தில்தான் எங்கள் திரை இருந்தது.

நான் நிமிர்வதற்குள் கெட்டிமேளம் முழங்கியது.

கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஆள் உயரத் திரையில் தனலட்சுமி அம்மா மணப்பெண்ணாக நின்றிருந்தார். நெற்றிச்சுட்டி, அட்டிகை, ஒட்டியாணம், திருநீற்றுக்கு மேலே வட்டமாகச் சிவப்புப் பொட்டு, கழுத்தில் நீளச் சங்கிலியில் தாலி. எங்கள் வேலை அன்றைக்குப் போல என்றைக்கும் கச்சிதமாக இருந்ததில்லை. புது விளக்கில் ஒரு நகைகூட நழுவவில்லை.

"ஆஃப் பண்ணிடலாமா மேடம்?" என்றான் பிரபு ஏணியிலிருந்து. அணைக்கிற விசை என் விரலுக்குக் கீழேதான் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். நீங்கள் செய்த ஒன்று ஊர் நடுவில் ஒருவருக்குச் செய்யக்கூடாததைச் செய்துகொண்டிருக்கும். கை தானாக விசைக்குப் போகும். உடனே அணைப்பதுதான் நல்ல மனசு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நான் திரையைப் பார்ப்பதை விட்டு அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் அழவில்லை, முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை. வலது கையை மெதுவாக உயர்த்திக் கழுத்தில் வைத்தார். திரையில் கறுத்த விரல்கள் சங்கிலிக்கு மேலே வந்தன, சங்கிலி விரலுக்குப் பின்னால் போனது. பிரபுவின் மாதக்கணக்கான உழைப்பு.

கேட்காமல் போட்டாயிற்று. கேட்காமல் எடுக்கவும் வேண்டுமா என்று தோன்றியது. எழுந்து பக்கத்தில் போய் மெல்லக் கேட்டேன்.

"எடுத்துடவாங்கம்மா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "இருங்க" என்றார்.

அவ்வளவுதான். நான் அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் இருக்கலாம். எனக்கு அது அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு நடந்து போகிற நேரமாக இருந்தது.

அதற்குள் தாய்மாமன் எழுந்துவிட்டார். "என்னங்க இது, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல? மொதல்ல அத நிறுத்துங்க."

முதலாளி ஓடி வந்தார். விசை எங்கே என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளச் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறோம். திரைக்கும் தனலட்சுமி அம்மாவுக்கும் நடுவில் புகுந்து, திரையின் ஓரங்களைத் தடவித் தடவித் தேடினார். எங்கள் நகைக்கண்ணாடி ஒரு நேரத்தில் ஒரு முகத்தைத்தான் அலங்கரிக்கும், அதுவும் மிக அருகில் இருக்கிற முகத்தை. தாலி அந்த அம்மாவின் கழுத்திலிருந்து மறைந்து முதலாளியின் கழுத்தில் ஏறியது. இரண்டாவது தடவை கெட்டிமேளம் முழங்கியது. வியர்த்துப்போன கன்னமும் சவரம் செய்யாத தாடையுமாக, நெற்றிச்சுட்டி ஆட ஆட, முதலாளி பெரிய முகமாகத் திரை முழுக்க நிறைந்து நின்றார்.

முதலில் சிரித்தது கல்யாணப் பெண்தான். அடக்கப் பார்த்து, முடியாமல், வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். மகள் சிரிப்பதைப் பார்த்து அம்மாவும் சிரித்துவிட்டார். வளையல் பக்கம் யாரோ சிரித்தார்கள். பிரபு மட்டும் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். நான் போய் விசையை அழுத்தினேன். திரை கறுத்தது.

அதோடு முடிந்திருந்தால் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

முதலாளி திரும்பினார். அவமானப்பட்டவர் யார் மேலாவது அதை இறக்கிவைத்தாக வேண்டும். "அங்க போயி ஏம்மா நின்னீங்க?" என்றார் தனலட்சுமி அம்மாவிடம்.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. நான் நிதானமானவள் என்று பெயர் வாங்கியிருந்தேன், அதனால் நிதானமாகவே சொன்னேன். "அங்க நிக்கச் சொன்னது நீங்க சார். மாட்டிவிட்டது நாங்க. அவங்க ஒண்ணுமே செய்யல."

இந்தக் கடை வேலை போய்விட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் முதலாளி பதில் சொல்வதற்குள் தாய்மாமன் பேசிவிட்டார்.

"இன்னைக்குத் தாலி எடுக்க வேணாம்க்கா. மனசுக்குச் சரியாப் படல. வூட்டுக்குப் போயி நாள் பாத்துக்குவோம். இதெல்லாம் எதுக்கு நடக்குதுன்னு இருக்குல்ல. எல்லாத்தையும் ஒரு தடவ யோசிச்சுக்கிட்டு…"

இந்த வாக்கியத்தையும் அவர் முடிக்கவில்லை. ஆனால் எல்லாத்தையும் என்பதில் என்னவெல்லாம் சேரும் என்று எல்லோருக்கும் புரிந்தது. கௌசல்யாவின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன மாமா யோசிக்கணும்?" என்று கேட்டாள். குரல் சின்னதாகத்தான் வந்தது. கேட்டுவிட்டாள்.

தாய்மாமன் தன் அக்காவைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவர். தம்பி பேசுகிற இடத்தில் பேசி அவருக்குப் பழக்கமில்லை என்று தெரிந்தது. தட்டில் இருந்த தாலிச் சங்கிலிகளைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். பிறகு எழுந்து தூணுக்கு அந்தப் பக்கம் வந்தார்.

"மனசுக்குச் சங்கடமாப் போச்சா அண்ணி?"

கடை முழுக்க அந்தப் பதிலுக்காகக் காது கொடுத்து நின்றது. அவர் அழுதிருந்தால் அபசகுனம் உறுதியாகியிருக்கும். மன்னிப்புக் கேட்டிருந்தால் குற்றம் அவர் தலையில் ஏறியிருக்கும்.

தனலட்சுமி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சங்கடமெல்லாம் இல்லீங்க அண்ணி. அந்தச் சங்கிலிதான் ரொம்ப நீளமா இருக்கு. எம்மவ நாளெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு ஊசி போடறவ. கட்டில் கம்பியில போயி மாட்டிக்கும். குட்டையா ஒண்ணு பாக்கலாங்களா?"

நகைக்கண்ணாடி வந்ததிலிருந்து எத்தனையோ பேர் அதன் முன்னால் நின்றிருக்கிறார்கள். சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், மீசையை முறுக்கினார்கள். நகை நமக்குப் பொருந்துமா என்று பார்ப்பதற்காகச் செய்த பொருளை அதற்காகவே பயன்படுத்திய முதல் ஆள் இவர்தான். அதுவும் விருப்பப்பட்டு வந்து நிற்காத ஆள்.

மாப்பிள்ளையின் அம்மா தன் ரவிக்கைக்குள் செருகியிருந்த தாலிச் சங்கிலியை வெளியே எடுத்தார். நடுவில் ஒரு சேப்டி பின் குத்தி, சங்கிலியைப் பாதியாகச் சுருக்கி வைத்திருந்தார்.

"எனக்கும் இதே கதிதான். களை எடுக்கறப்பெல்லாம் முன்னாடி வந்து வந்து விழும். கட்டுன நாள்லேருந்து பின்னு போட்டுத்தான் வச்சிருக்கேன். யாருகிட்ட சொல்றது?" பிறகு தம்பி பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வாங்கண்ணி, இங்க வந்து உக்காருங்க. பொண்ணு உங்க பொண்ணு. எவ்வளவு நீளம்னு உங்களுக்குத்தான் தெரியும்."

தாய்மாமன் வாயைத் திறந்தார். "நீ போயி டீ சாப்பிட்டுட்டு வாடா" என்றார் அக்கா. அவர் போனார். நல்ல நேரம் முடிவதற்குள் தாலி எடுத்தார்கள். எடுக்கும்போது தனலட்சுமி அம்மா மேசை பக்கத்திலேயே இருந்தார். தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், அவர் தொடவில்லை. அளவு மட்டும் சொன்னார்.

நானும் பிரபுவும் எங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கடையில் கொடுத்த ஆரஞ்சு ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். இயந்திரத்துக்கு ஆள் தெரியாது என்று ஏதோ விளக்கம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கழட்டுனப்பவும் என்ன ஒருத்தரும் கேக்கல. போட்டப்பவும் கேக்கல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஜெயங்கொண்டம் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னார். "நீங்க ஒருத்தருதான் எடுத்துடவான்னு கேட்டீங்க. என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அதான் இருங்கன்னேன்."

அவர் ஜூஸைக் குடித்து முடித்தார்.

மறுநாள் பெரம்பலூர் அலுவலகத்தில் கூட்டம். முதலாளி நேரில் வந்திருந்தார். வேலையை நிறுத்தப்போகிறார் என்று நினைத்தோம். அவர் அதைவிட மோசமான ஒன்றோடு வந்திருந்தார். திருத்தத்தோடு வந்திருந்தார்.

"கல்யாணம் ஆனவங்களா, ஆகாதவங்களா, புருசன் இல்லாதவங்களான்னு கேமராவே கண்டுபிடிக்கணும். அதுக்கேத்த மாதிரி நகையப் போடணும். முடியுமா முடியாதா?"

முடியும் என்று சொல்வதுதான் நம் தொழிலின் பெரிய வியாதி. பிரபு உடனே யோசிக்க ஆரம்பித்துவிட்டான். கழுத்தில் மஞ்சள் கயிறு இருக்கிறதா, நெற்றியில் என்ன இருக்கிறது, இதையெல்லாம் பார்க்கலாம் என்றான். மெட்டி தெரிய வேண்டுமென்றால் தரையோடு இன்னொரு கேமரா வைக்க வேண்டும் என்றான். முதலாளி அதற்குச் சம்மதித்தார். பொட்டு வைக்காத கல்லூரிப் பெண் வந்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். சர்ச்சுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் வந்தால் என்று இன்னொருவர் கேட்டார். வேலைக்குப் போகும்போது தாலியைக் கழற்றி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். எல்லோரும் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். பேசாமல் வாசலில் ஒரு ஆளை நிறுத்தி விசாரித்துவிடலாம் என்கிற நிலைக்குக் கூட்டம் வந்து சேர்ந்தது.

என் மேலதிகாரி பேனாவை மூடிவிட்டு முதலாளியைப் பார்த்தாள்.

"சார், அப்பாவோட படத்த எந்த வகையில சேக்கறது?"

முதலாளி அவளை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "அந்த வெறுங்கண்ணாடி படம் இன்னும் வச்சிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார்.

வைத்திருந்தேன். இதை நான் ஜெயித்த கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் சொன்னபோது அவர் கேட்கவில்லை. மீசையும் தாலியுமாகத் தன் முகத்தைத் தானே பார்த்த பிறகுதான் கேட்டார். நியாயம் எடுபடாத இடத்தில் கூச்சம் எடுபடும் என்பது நான் கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்று. அதை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

திரையை மாற்றினோம். வந்து நின்றால் நீங்கள் மட்டும் தெரிவீர்கள். கீழே ஒரு வரி: எதைப் போட்டுப் பார்க்கலாம்? தொட்டால்தான் நகை வரும். தாலி பட்டியலில் கடைசிக்கு முன்னால் இருந்தது, சத்தமில்லாமல். முதலாளி பயந்தது போலவே சிலது நடந்தது. பாதிப் பேர் அதைச் சாதாரணக் கண்ணாடியாக வைத்துக்கொண்டார்கள். வெயிலில் வந்தவர்கள் வியர்வை துடைத்தார்கள், தலை சீவினார்கள். ஒருவர் பல்லில் மாட்டிய எதையோ எடுத்தார். காவலர் வரவே இல்லை. முதலாளி வாரம் ஒருமுறை போன் செய்து, "பழைய மாதிரி ஜொலிக்கலையே மேடம்" என்பார். ஜொலிக்கவில்லைதான்.

தீபாவளி நெருங்கியபோது திரையின் மென்பொருளைப் புதுப்பிக்க அரியலூர் போனேன். வேலை முடிந்து கிளம்பும்போது தனலட்சுமி அம்மா கடைக்குள் வந்தார், தனியாக. தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுக்க வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு தலையசைத்தார். மகள் செந்துறையிலிருந்து தினமும் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாளாம், நன்றாக இருக்கிறாளாம். தாய்மாமன்தான் காலையில் பஸ் ஏற்றிவிடுகிறாராம்.

மோதிரத்தைத் தேர்ந்தெடுத்து எடை போடக் கொடுத்துவிட்டு, அவர் தூணுக்கு அந்தப் பக்கம் நடந்தார். யாரும் அனுப்பவில்லை. திரைக்கு முன்னால் நின்று தன்னைப் பார்த்தார். கீழே இருந்த வரியை வாய்க்குள் படித்தார். விரலால் தொட்டார். முந்திரிப்பால் தடிப்பேறிய விரலைத் திரை உணரவில்லை. இன்னொரு விரலால் தொட்டார், அதையும் உணரவில்லை. உதவிக்கு ஒரு அடி எடுத்து வைத்தேன், போகவில்லை. அவர் கையை மடக்கி விரல் முட்டியால் தட்டினார். ஜிமிக்கி வந்தது.

தலையை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். அடுத்து அட்டிகை. அடுத்து நெற்றிச்சுட்டி. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு எடுத்தார். ஒட்டியாணம் வந்ததும் இடுப்பில் கைவைத்து நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், குறை கண்டுபிடிக்கிறவர் போல. முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மோதிரம்தான் மேடம் வாங்கறாங்க. இதெல்லாம் வாங்கப்போறதில்ல" என்றார் தாழ்ந்த குரலில்.

"தெரியுதுங்க சார்" என்றேன்.

பின்னால் ஒரு இளம் ஜோடி திரைக்காகக் காத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு முதலாளி விற்பனையாளரை அனுப்பினார். அவர் போய், "அம்மா, மோதிரம் ரெடியாயிடுச்சு, பில்லு போட்டுடலாமா?" என்றார்.

"இருக்கட்டும் தம்பி" என்றார் தனலட்சுமி அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இன்னும் வளையலே போட்டுப் பாக்கல."

விரல் முட்டியால் தட்டினார். இரண்டு கைகளையும் கேமராவுக்கு முன்னால் நீட்டினார்.